முதுகில் இருக்கும் ரோமமும் தண்ணீரில் இருக்கும் மீனும்



எல்லாம் வல்ல அல்லாஹுத்தஆலாவைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார்கள், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் சொல்லித் தொடங்குகிறோம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் ஒரு தாய் ஒரு மஸ்அலா கேட்டிருக்கிறார். அவருடைய கணவர் ஏரியில் இறால் பிடிப்பவர். வீட்டுக் கொல்லையில் நான்கு செம்மறியாடுகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று சினை. ஆட்டு வியாபாரி ஒருவர் வந்து, 'குட்டி பிறந்தால் எனக்கே' என்று சொல்லி, வயிற்றில் இருக்கும் குட்டிக்கு விலை பேசிப் பணமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கணவரோ, வலை வாங்குவதற்காக இறால் வியாபாரியிடம் பணம் வாங்கி, இனிமேல் பிடிக்கப்போகும் இறாலையெல்லாம் அவர் சொல்லும் விலைக்கே கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சிறு வயதில் மதரஸாவில் ஓதிய காலத்தில், ஆட்டின் முதுகில் இருக்கும் ரோமத்தைக் கத்தரித்து எடுக்கும் முன்பே விற்கக் கூடாது என்று உஸ்தாத் சொன்னது அந்தத் தாய்க்கு நினைவிருக்கிறது. 'நம் ஊர் ஆட்டுக்குக் கம்பளி ரோமமே கிடையாதே! அந்தச் சட்டம் நமக்கும் உண்டா? நாங்கள் வாங்கிய பணம் ஹலாலா?' என்பதே அவருடைய கேள்வி.

சகோதரர்களே! இது சின்னக் கேள்வி அல்ல. வயிற்றுக்குள் போகும் சோறு ஹலாலா ஹராமா என்ற கேள்வி. கல்வியிற் சிறந்தவர்கள் பலர் கேட்க மறந்த கேள்வியை, கொல்லையில் நான்கு ஆடு வைத்திருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக! இதற்கு விரிவாகவே விடை காண்போம்.

கால்நடை ஒரு நிஃமத்து

திருக்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயமாகிய அந்-நஹ்லில் அல்லாஹுத்தஆலா தன் நிஃமத்துகளை எண்ணிக் காட்டுகிறான். கால்நடைகளைப் படைத்ததையும், அவற்றில் குளிரைத் தடுக்கும் கதகதப்பும் மற்றப் பயன்களும் உணவும் இருப்பதையும் ஐந்தாவது வசனத்தில் நினைவூட்டுகிறான். அடுத்த வசனத்தில், மாலையில் அவற்றை ஓட்டி வரும்போதும் காலையில் மேய்ச்சலுக்கு அனுப்பும்போதும் மனிதன் காணும் அழகைச் சொல்கிறான். எண்பதாவது வசனத்தில் செம்மறியின் கம்பளியையும், ஒட்டகத்தின் உரோமத்தையும், வெள்ளாட்டின் முடியையும் தனித்தனியே கூறி, குறிப்பிட்ட காலம்வரை மனிதன் பயன்படுத்தும் வீட்டுப் பொருட்கள் அவற்றிலிருந்து கிடைப்பதை எடுத்துரைக்கிறான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே சில கீராத்துகள் கூலிக்கு மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தவர்கள். ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்று அவர்கள் கூறியது புகாரீயில் பதிவாகியிருக்கிறது. உம்மு ஹானி (ரலி) என்ற பெண்மணியிடம், ஆடு வளர்க்கும்படியும், அதில் பரக்கத்து இருப்பதாகவும் அவர்கள் சொன்னதை இப்னு மாஜா அறிவிக்கிறார்கள். கவனியுங்கள்! இந்த உபதேசம் ஒரு பெண்ணுக்குச் சொல்லப்பட்டது. இன்று ஏரிக்கரை வீடுகளில் காலையில் ஆட்டை அவிழ்த்து விட்டு, மாலையில் பூவரசந் தழையைக் காட்டி அழைத்துக் கட்டும் நம் தாய்மார்கள் ஒரு ஸுன்னத்தான வழியிலேயே இருக்கிறார்கள்.

ரோமம் இல்லாத ஊர்

அந்தத் தாய் சொன்னது உண்மைதான். பழவேற்காடு அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கங்களிலும் பரவியிருப்பது 'சென்னைச் சிவப்பு' என்னும் செம்மறி இனம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து நெல்லூர் இனமோ, இந்தியச் செம்மறிகளிலேயே உயரமானது என்று பெயர் பெற்றது. இரண்டுக்கும் உடம்பில் குட்டை முடிதான். கத்தரித்து நூலாக நூற்கும் கம்பளி அவற்றில் இல்லை. இறைச்சிக்கும் தோலுக்குமே அவை வளர்க்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் கம்பளி தரும் ஆடுகள் வேறு இடங்களில் உண்டு. கோயமுத்தூர்ப் பகுதியின் குரும்பை ஆடும், திருச்சிக் கறுப்பு ஆடும் முரட்டுக் கம்பளி தருபவை. குளிர் மலையான நீலகிரியில், உள்ளூர் ஆட்டோடு மெரினோ போன்ற சீமை ஆடுகள் கலந்து உண்டான நீலகிரி இனம் மெல்லிய கம்பளி தருகிறது; இன்று அதன் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டதால், உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பேணி வருகிறார்கள். வடக்கே லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்தில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சாங்பா மக்கள் வளர்க்கும் வெள்ளாட்டின் அடி ரோமமே பஷ்மீனா. அதை அவர்கள் குளிர்காலம் கழிந்த பிறகு சீப்பால் வாரி எடுக்கிறார்கள்.

குளிர் நாட்டு ஆட்டுக்குப் போர்வையைக் கொடுத்த ரப்பு, புழுக்கமான கடற்கரை ஆட்டுக்கு அந்தப் பாரத்தைக் கொடுக்கவில்லை. அவனுடைய ஹிக்மத்து எவ்வளவு பெரியது! ஆட்டில் நாருக்கு வழியில்லாத ஊரில் பனையை முளைக்கச் செய்தான். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையைக் கிழித்துச் சாயமிட்டுக் கூடைகளும் பெட்டிகளும் பின்னி விற்பது ஊரறிந்த கைத்தொழில்.

ரோமத்தை ஏன் முதுகிலேயே விற்கக் கூடாது?

இப்போது சட்டத்துக்கு வருவோம். பழம் உண்ணத்தக்க பக்குவம் அடையும் முன்பும், ரோமம் ஆட்டின் முதுகில் இருக்கும்போதும், பால் மடியில் இருக்கும்போதும் விற்கக் கூடாது என்ற தடை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்திருக்கிறது. இது நபிகளாரின் சொல்லாகவும், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் சொல்லாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஸஹாபியின் சொல்லாக வந்திருப்பதே வலுவானது என்பது இமாம் பைஹகீ (ரஹ்) அவர்களின் முடிவு. நம் ஷாபிஈ மத்ஹபிலும், ஹனபீ மத்ஹபிலும் இதுவே சட்டம். உடனே கத்தரித்து எடுப்பதானால் கூடும் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும், ஹனபீ இமாம்களில் அபூ யூசுப் (ரஹ்) அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

காரணம் என்ன? ரோமம் ஒரு நாள்கூட நிற்காமல் வளர்கிறது. இன்று விற்றது எவ்வளவு, நாளை வளர்ந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எந்த இடத்தில் கத்தரிப்பது என்பதிலும் தகராறு வரும். வாங்கியவர் 'தோல் வரைக்கும் என்னுடையது' என்பார். விற்றவர் 'இல்லை' என்பார். இருவர் சண்டையில் கத்தரிக்கோல் யாருடைய உடம்பில் ஓடுகிறது? வாயில்லாப் பிராணியின் உடம்பில்! ரோமத்தை அடியோடு மழித்து எடுப்பது பிராணியை வதைப்பதாகும் என்பதால், அதை வெறுக்கத்தக்கது என்றும், ஆகாது என்றும் நம் இமாம்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பால் கறப்பவர் மடி கீறாதபடி நகத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். குட்டியின் பங்கை விட்டுவிட்டே கறக்க வேண்டும். தீனி போடாதவனை, தீனி போடு, அல்லது விற்றுவிடு, அல்லது உண்ணும் பிராணியானால் அறுத்துவிடு என்று காழி கட்டாயப்படுத்தலாம் என்றெல்லாம் பிக்ஹு கிதாபுகளில் இருக்கிறது.

உயிருள்ள ஆட்டிலிருந்து முறைப்படி கத்தரித்த ரோமம் சுத்தமானது. அதை விற்கலாம், நெய்யலாம், உடுத்தித் தொழலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக் பயணத்தில் கம்பளி ஜுப்பா அணிந்திருந்ததும், கை குறுகலாக இருந்ததால் கைகளை அடிவழியாக வெளியே எடுத்து உளூச் செய்ததும் முகீரா (ரலி) அவர்களின் ஹதீஸில் வருகிறது. ஆக, ரோமத்தில் எந்தக் குறையும் இல்லை. கைக்கு வராத பொருளை, அளவு தெரியாமல் விற்பதே குறை.

ஒரே தராசு

இந்தக் குறைக்கு ஷரீஅத்தில் 'கரர்' என்று பெயர். கிடைக்குமா கிடைக்காதா, கூடுமா குறையுமா என்று தெரியாத ஒன்றைத் துணிந்து விற்பது கரர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கரர் வியாபாரத்தைத் தடுத்தார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது முஸ்லிமில் இருக்கிறது. கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு உத்தரவானது திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் மீனை வாங்க வேண்டாம், அது கரர் என்ற தடை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது. வயிற்றில் இருக்கும் குட்டியைப் பற்றியோ, ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஒட்டகத்தின் வயிற்றுக் குட்டி ஈனும் குட்டிவரை தவணை வைத்துப் பேரம் பேசியதை நபிகளார் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது.

பார்த்தீர்களா சகோதரர்களே! முதுகில் ரோமம், மடியில் பால், வயிற்றில் குட்டி, தண்ணீரில் மீன்: நான்கும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. உங்கள் ஆட்டுக்குக் கம்பளி இல்லாமல் இருக்கலாம். அந்தத் தராசு உங்கள் கொல்லையிலும் தொங்குகிறது, உங்கள் ஓடத்திலும் தொங்குகிறது. ரோமத்தின் மஸ்அலாவை நம் உஸ்தாதுகள் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் ஓதிக்கொடுத்தது வீணுக்கல்ல.

ஆடு ஐந்து மாதம் சுமக்கிறது. அந்த ஐந்து மாதத்தில் குட்டி செத்துப் பிறக்கலாம், இரட்டையாகப் பிறக்கலாம், தாயே நோயில் போகலாம். ஒன்று பிறந்தால் விற்றவருக்கு ஏக்கம், இறந்தால் வாங்கியவருக்கு நட்டம், இரண்டு பிறந்தால் இருவருக்கும் சண்டை. ஏரியும் அப்படித்தான். முகத்துவாரம் மண் மூடினால் கடல் நீர் வராது. கடல் நீர் வராவிட்டால் இறால் வராது. அல்லாஹ் மட்டுமே அறிந்ததை மனிதன் விலை பேசுவது எப்படி?

தனக்குச் சொந்தமான சிறு குட்டையில், கண்ணுக்குத் தெரியும்படி, சிரமமில்லாமல் பிடிக்கும் நிலையில் கிடக்கும் மீனின் சட்டம் வேறு, அதை விற்கலாம். சினை ஆட்டையே விற்றால் குட்டியும் தாயோடு சேர்ந்து போகும், அதுவும் கூடும். குட்டியை மட்டும் தனியே விற்பதும், குட்டியை நிறுத்திக்கொண்டு தாயை மட்டும் விற்பதும் கூடாது.

முன்பணம் புதிதல்ல

முன்பணம் பழவேற்காட்டுக்குப் புதிய சரக்கல்ல. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் தேடி வந்தது இந்தக் கரையின் பருத்தித் துணி. அந்தத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாசனைச் சரக்குகளை வாங்கினார்கள். 'பாளையக்காட்' என்று லுங்கிக்கு வழங்கும் பெயர் இந்த ஊர்ப் பெயரின் திரிபுதான். கம்பெனி, வணிகர் கையில் முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளியிடம் கொடுப்பார். நெசவாளி துணியாகத் தீர்ப்பார். நெய்யும் முன்பே பணம் வாங்கியவனுக்கு, நெய்த பின் தன் துணிக்கு விலை கேட்கும் பலம் குறைந்துவிடும். கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. ஆனால் முன்பணத்துக்குத் தலை குனியும் வழக்கம் இடியவில்லை. தறியிலிருந்து வலைக்கு வந்திருக்கிறது, வலையிலிருந்து கொல்லை ஆட்டுக்கும் வந்திருக்கிறது.

ஷரீஅத்து திறந்துவைத்த வாசல்

'அப்படியானால் ஏழை எங்கே போவான்? வலை யார் வாங்கித் தருவார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் மார்க்கம் ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்றைத் திறந்தே வைத்திருக்கும்.

முதலாவது, 'ஸலம்' வியாபாரம். நபிகளார் (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் பேரீச்சம் பழத்துக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னதாகவே பணம் கொடுத்துவந்தார்கள். அதை அடியோடு தடுக்காமல், அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். பணம் முழுவதையும் அந்தச் சபையிலேயே கொடுத்துவிட வேண்டும். பொருளின் வகை, தரம், எடை, கொடுக்கும் நாள் எல்லாம் பேசி முடிவாக வேண்டும். அந்த நாளில் அது பொதுவாகச் சந்தையில் கிடைப்பதாக இருக்க வேண்டும். 'இந்த ஆட்டின் ரோமம்', 'இந்த வலையில் விழும் இறால்' என்று ஒன்றோடு கட்டக் கூடாது. கம்பளிக்கு ஸலம் பேசுவதானால் எந்த ஊர் ஆடு, என்ன நிறம், நீளமா குட்டையா, கிடாவா பெட்டையா, எந்தப் பருவத்தில் கத்தரித்தது என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்று நம் கிதாபுகள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன! தகராறு பிறக்கும் ஓட்டையை அடைப்பதற்கே இவ்வளவும். ஆனால் ஒன்று: ஸலம் பேசியவர் தம் வலையில் விழாவிட்டாலும் சந்தையில் வாங்கியாவது கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆகவே தாங்கும் அளவுக்கே பேச வேண்டும்.

இரண்டாவது, அழகிய கடன். கொடுத்ததை மட்டுமே திரும்ப வாங்குவது. கடன் கொடுத்து, 'அதற்காக உன் இறாலைக் குறைந்த விலைக்கு எனக்கே கொடு' என்று நிபந்தனை போட்டால், அந்தக் குறைந்த விலை வட்டியின் வேறு முகம். கடனையும் விற்பனையையும் ஒன்றாகப் பிணைப்பதை நபிகளார் தடுத்திருக்கிறார்கள். கடன்பட்டவர் தாமாக விரும்பி, அன்றைய சந்தை விலைக்கு அவருக்கே விற்றால் அதில் குற்றமில்லை.

மூன்றாவது, பங்கு. 'என் ஆட்டை நீ வளர். பிறக்கும் குட்டியில் பாதி உனக்கு' என்று வாரத்துக்கு விடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. பிறக்காத குட்டியைக் கூலியாகப் பேசுவதால் இதுவும் நம் மத்ஹபில் செல்லாது. இதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. ஆட்டில் பாதியை வளர்ப்பவருக்கு விற்றுவிடுங்கள். பணத்தைப் பிறகு தரட்டும். அப்போது ஆடு இருவருக்கும் பொது. பிறக்கும் குட்டியும், கறக்கும் பாலும், கம்பளி ஆடானால் கத்தரிக்கும் ரோமமும் பாதிப் பாதியாகத் தாமே பிரியும். ஒருவர் மற்றவருக்குக் கூலியாள் அல்லர், இருவரும் உடைமைக்காரர்கள்.

அந்தத் தாய்க்கு விடை

தாயே! வயிற்றுக் குட்டிக்குப் பேசிய பேரம் செல்லாது. வாங்கிய பணம் உங்களிடம் உள்ள கடன். அதைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது தவணை கேளுங்கள். குட்டி பிறந்து, எழுந்து நின்று, கண்ணால் பார்த்த பிறகு, அன்று இருவரும் மனமொப்பிப் பேசும் விலைக்கு அந்த வியாபாரிக்கே விற்கலாம். அந்தப் பணத்தில் கடனைக் கழித்துக்கொள்ளலாம். பழைய விலை உங்களைக் கட்டாது. உங்கள் கணவர் வலைக்கு வாங்கிய பணமும் கடனே. வாங்கிய தொகையைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். இறாலை அன்றைய விலைக்கு விற்க அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் அறியாமல் செய்தீர்கள். அறிந்தவுடன் திருத்த நினைத்தீர்கள். அல்லாஹ் மன்னிக்கிறவன்.

கொல்லை ஆட்டை அவசரத்துக்கு முன்பணம் வாங்கும் அடகாக ஆக்கிவிடாதீர்கள். ஏரி வற்றும் நாளில், வலை கிழியும் நாளில், ஒரு கிடாவைச் சந்தை விலைக்கு விற்று, யாரிடமும் கை நீட்டாமல் வலை வாங்குங்கள். உம்மு ஹானி (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட பரக்கத்தை அந்த நாளில் உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.

வியாபாரிகளே! உங்களையும் மறக்கவில்லை. தேவைப்பட்ட வேளையில் பணம் கொடுத்தவர் நீங்கள்; அந்த நன்மையை நிபந்தனை போட்டுப் பாழாக்காதீர்கள். மக்களுக்குக் கடன் கொடுத்து, இல்லாதவரைக் கண்டால் விட்டுக்கொடுக்கும்படி தன் பணியாளிடம் சொல்லிவைத்த ஒரு வியாபாரியை, அல்லாஹ் அதற்காகவே மன்னித்த செய்தி புகாரீ, முஸ்லிமில் இருக்கிறது. ஒரு வலையின் விலையில் மறுமையின் மன்னிப்பு கிடைக்குமானால், அதைவிட இலாபமான வியாபாரம் எது?

ஜமாஅத்துப் பெரியவர்களே! உங்கள் மஹல்லாவில் ஒரு வலைக்கும் இரண்டு ஆட்டுக்கும் போதுமான அழகிய கடனைக் கொடுக்கப் பள்ளிவாசலில் ஒரு பைத்துல்மால் பெட்டி இருக்கிறதா? இல்லையென்றால், வயிற்றுக் குட்டியை விற்ற தாயிடம் மட்டுமா நாளை கேள்வி கேட்கப்படும்? பக்கத்து வீட்டில் உண்டு உறங்கிய நம்மிடமும் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் கொல்லையில் நிற்கும் வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் உன்னை அஞ்சுகிறவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஏரியில் இறங்கும் எங்கள் சகோதரர்களைப் பாதுகாத்து, அவர்கள் வலையில் ஹலாலான ரிஸ்கைத் தருவாயாக! முன்பணத்தின் பாரத்திலிருந்தும், கடனின் இழிவிலிருந்தும், வட்டியின் வாடையிலிருந்தும் எங்கள் வீடுகளைக் காப்பாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.